மிதக்கும் தட்டுக்குத் தோள் கொடுத்தவன்

கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயைத் திறந்து பேசித் தீர்க்க வேண்டிய காரியத்தை, பேசாமல் கையால் ஏதாவது செய்து தீர்த்துவிடலாம் என்று நினைப்போம். நான் அப்படி நினைத்துத்தான் என் வீட்டுச் சுவரில் நான்கு ஓட்டை போட்டேன்.

நான் செட்டிபாளையத்தில் ஆண்களுக்கு உடுப்புத் தைப்பவன். முப்பது வருடமாகக் குனிந்தபடியே வேலை. அளவெடுக்கும்போதுகூட ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். (தெருவில் யாராவது "என்ன அண்ணன், தெரியல்லையா?" என்று கேட்டால் இடுப்பைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். முப்பத்தெட்டு அங்குலம் என்றால் கணபதி.)

என் மகள் துஷாந்தி, தன்னோடு வேலை செய்யும் கஜன் என்ற பையனை விரும்பினாள். பையன் சித்தாண்டி. நல்லவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பேச்சு முற்றாகுமுன் மாப்பிள்ளையின் ஆட்கள் ஒருநாள் வீடு பார்க்க வருவார்கள். கஜனின் தகப்பனுக்கும் தாய்க்கும் சம்மதம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் கடைசி முடிவு தகப்பனின் அக்கா பூரணம் என்பவருடையது. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது என்று ஒரு சம்பந்தத்தையும், வீட்டு நாய் தன்னைப் பார்த்த பார்வை சரியில்லை என்று இன்னொன்றையும் முறித்தவர் அவர்.

"அப்பா," என்றாள் துஷாந்தி, "பூரணம் மாமிக்கு மரியாதைதான் முக்கியம். நீங்க பயப்பிட வேணாம். வாசலுக்கு வந்து 'வாங்க' எண்டுங்க. உள்ளுக்கு வந்தாப்போல 'இரிங்க' எண்டுங்க. ரெண்டு சொல்லு. அது காணும்."

"உங்கட அப்பாக்கு ரெண்டு சொல்லு கூடப் புள்ள," என்றாள் என் மனைவி யோகம். "ஒண்ட நான் சொல்றன்."

இந்த இரண்டு சொல்லிலிருந்து தப்புவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் கைபேசியில் அந்த வீடியோவைப் பார்த்தேன். சுவரில் ஒரு பலகை. கீழே முட்டு இல்லை, மேலே கயிறு இல்லை. காற்றில் மிதப்பது போல் நிற்கிறது. மிதக்கும் தட்டாம். வருகிறவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், என்னை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று என் மூளை சொன்னது.

சூட்சுமம் மிகவும் இலேசாகத்தான் இருந்தது. ஒரு இரும்புச் சட்டம். அதிலிருந்து இரண்டு கம்பிகள் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தைச் சுவரில் இறுக்க வேண்டும். பிறகு, உள்ளே குடைந்த பலகையை அந்தக் கம்பிகளில், கைக்குச் சட்டை போடுவது போல் மாட்டிவிட வேண்டும். சட்டமும் தெரியாது, கம்பியும் தெரியாது. அந்த ஆள் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுச் சிரித்தான். அவனால் முடியுமென்றால் காற்சட்டைக்குள் மறைபொக்கற் தைக்கிற என்னால் முடியாதா?

சட்டமும் பலகையும் வாங்கினேன். சுவரில் ஆணியைப் பிடித்து வைக்கிற பிளாஸ்ரிக் பிளக் வாங்க இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார்:

"சுவர் செங்கல்லா, புளொக் கல்லா?"

"ஓம்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செங்கல்லா, புளொக் கல்லா எண்டு கேட்டன்."

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் என்னையே பார்ப்பது முதுகில் தெரிந்தது. "ஓம், ஓம்," என்று சொல்லி, அவர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தந்தது செங்கல்லுக்கானது. என் வீடு புளொக் கல். புளொக் கல்லுக்கு வெளியே இரண்டு பக்கமும் சீமெந்து, நடுவில் வெறும் பொந்து. இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. அந்த வீடு கட்டும்போது கல் சுமந்தவனே நான்தான். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் ட்றில் மெசின் இரவல் வாங்கி, தையல் சுண்ணக்கட்டியால் குறி போட்டு, நான்கு இடத்தில் துளைத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் மெசின் 'சளுக்' என்று உள்ளே போய்விட்டது. சுவர் இவ்வளவு ஒத்துழைக்கிறதே என்று சந்தோசப்பட்டேன். அடுத்ததாக என் தொழில் புத்தி வேலை செய்தது. எந்த உடுப்பையும் உடம்போடு ஒட்டத் தைக்கக் கூடாது, இரண்டு விரல் லூஸ் விட வேண்டும் என்று பழகிய கை இது. பிளக்குக்கும் மூச்சு விட இடம் வேண்டுமே என்று ஓட்டையைக் கொஞ்சம் பெருப்பித்தேன். பிளக் உள்ளே ஆடியது. ஆட்டத்தை நிறுத்த, மிஞ்சிய காற்சட்டைத் துணியில் நறுக்கிச் சுற்றி அடித்தேன். (எவருடைய காற்சட்டை என்று சொன்னால் ஊரில் இருக்க முடியாது.)

தட்டு நின்றது. மகள் வலைப்பந்தில் வாங்கிய கிண்ணத்தை வைத்தேன். அப்போதும் நின்றது. இரண்டு நாள் வருவதும் போவதுமாக அதையே பார்த்து ரசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்கள் வர அரை மணித்தியாலம் இருக்கையில், யோகம் சாமியறையிலிருந்து பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். களிமண் பிள்ளையார், நல்ல பாரம். தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு பூச்சாடியையும் வைத்தாள்.

"இஞ்ச எதுக்கு?" என்று கேட்டேன்.

"வந்தவுடன அவ சாமி முகத்தில முழிக்கட்டும். உங்கட முகத்தில முழிச்சா காரியம் நடக்குமா?"

அவர்களுடைய வான் வண்டி வந்து நின்றது. நான் வாசலுக்குப் போய், கஜனின் தகப்பன் தம்பிராசாவின் மூன்றாவது பொத்தானைப் பார்த்து "வாங்க" என்றேன். முதல் சொல் முடிந்தது. தம்பிராசா ஒல்லியான மனிதர், சுவர் கட்டுகிற மேசன். (மகள் அதை முன்பே சொல்லியிருந்தாள். மேசன் வருகிற வீட்டில் சுவரைத் துளைத்து வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) கஜனும் தாயும் வந்தார்கள். கடைசியாகப் பூரணம் அக்கா இறங்கினார். கையில் பெரிய வாழைப்பழச் சீப்பு இரண்டு.

உள்ளே வந்ததும் அவர் கண் தட்டுக்குத்தான் போனது.

"இது என்னத்தில புள்ள நிக்கிது?"

"மிதக்கிற தட்டு மாமி. அப்பாதான் அடிச்சவர்," என்றாள் துஷாந்தி.

"பிள்ளையாரும் மிதக்கிறார்," என்றார் பூரணம் அக்கா. முகம் மலர்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாழைப்பழச் சீப்பு இரண்டையும் பிள்ளையாருக்கு முன்னால் தட்டின் விளிம்பில் வைத்தார்.

'கிறீச்' என்று ஒரு சின்னச் சத்தம். எனக்கு மட்டும் கேட்டது. பலகையின் பின் விளிம்பு சுவரை விட்டு ஒரு நூல் அளவு விலகுவதைக் கண்டேன். அதற்குள்ளிருந்து சீமெந்துத் தூள் பவுடர் போலக் கொட்டியது. வீடு பார்க்க வந்த இடத்தில், அவரே பழம் படைத்த பிள்ளையார் அவருடைய காலடியில் விழுந்து உடைந்தால் என்ன நடக்கும்? நாயின் பார்வைக்கே சம்பந்தத்தை முறித்தவர்.

இரண்டு எட்டில் தட்டுக்குக் கீழே போய், சும்மா சாய்ந்து நிற்கிறவன் போல் தோளைக் கொடுத்தேன். தட்டு என் தோளில் வந்து இருந்தது. அப்படியே நின்றபடி இரண்டாவது சொல்லைச் சொன்னேன்: "இரிங்க."

"நீங்க இரிங்க அண்ணன்," என்றார் தம்பிராசா.

"இல்ல, நீங்க இரிங்க."

"ஊட்டுக்காரர் நிக்கக்குள்ள நாங்க எப்பிடி இரிக்கிற? நீங்க இரிங்க."

நான் இருக்கவில்லை. அவர்களும் இருக்கவில்லை. ஆறு நல்ல கதிரைகள் காலியாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றி எல்லோரும் நின்றோம், பஸ்ஸுக்கு நிற்பது போல. யோகம் தேத்தண்ணித் தட்டோடு வந்து, இந்தக் காட்சியைக் கண்டு, என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வை நான் வாங்கியதில்லை. துஷாந்தி எனக்குக் கதிரையைக் காட்டிக் கண்ணால் கெஞ்சினாள். நான் கண்ணால் தட்டைக் காட்டினேன். அவள் தட்டைப் பெருமையாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதிரையைக் காட்டினாள்.

பூரணம் அக்காவின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது.

"தம்பிராசா," என்றார், "ஊட்டுக்காரர் நிண்டுக்கே நிக்கார். நம்மள கெதியாப் போங்க எண்டு சொல்றாரு போல."

என் மகளின் முகம் வெளிறிப் போனதைக் கண்டேன். வாயைத் திறந்து, "அக்கா, தட்டு விழப் போகுது" என்று ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லியிருக்கும். என் வாய் திறந்தது. காற்றுத்தான் வந்தது.

தம்பிராசா என் பக்கத்தில் வந்தார். என் தோளில் கிடந்த தூளை ஒரு விரலால் தொட்டு, மற்ற விரலோடு தேய்த்துப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, மிக மெதுவாகக் கேட்டார்:

"புளொக் கல்லா?"

"ஓம்," என்றேன். அந்தக் கிழமையில் நான் சரியாகச் சொன்ன முதல் ஓம்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அக்கா, இது இவங்கட ஊர் வழக்கம். ஊடு பாக்க வந்த ஆக்கள் நிண்டுதான் தேத்தண்ணி குடிக்கிற. இரிந்தா, பாத்தது காணும், ஊடு புடிக்கல்ல எண்டு கருத்தாம். ஊட்டுக்காரரும் இரிக்கப்படா. எனக்கு முன்னமே சொன்னவங்க, உனக்குச் சொல்ல மறந்திட்டன்."

பூரணம் அக்கா என்னைப் பார்த்தார். "அப்பிடியா? நல்ல மரியாத தெரிஞ்ச சனம்," என்று சொல்லிக் கோப்பையை எடுத்து, நிமிர்ந்து நின்று குடித்தார். தம்பிராசா வந்து தட்டின் மற்றத் தலைப்புக்குத் தோள் கொடுத்தார். கோயில் வாசலில் இரண்டு பக்கமும் நிற்கிற காவல் சிலைகள் மாதிரி நாங்கள் இருவரும் நின்றோம்.

அடுத்தது வெற்றிலை வட்டா, வெற்றிலை பாக்கு அடுக்கிய பித்தளைத் தாம்பாளம். வந்தவர்களில் மூத்தவருக்கு வீட்டுக்காரன் இரண்டு கையாலும் அதை நீட்ட வேண்டும். ஒற்றைக் கையால் நீட்டினால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. யோகம் வட்டாவை என்னிடம் கொண்டுவந்தாள். தம்பிராசா மூச்சை உள்ளே இழுத்து, "நான் பாத்துக்கிறன், போங்க," என்றார் பல்லுக்குள். மொத்தப் பாரத்தையும் அவர் வாங்கிக்கொள்ள, நான் போய் நீட்டினேன். பூரணம் அக்கா வெற்றிலை எடுத்தார். எடுத்தால் சம்மதம். துஷாந்தியின் கையைப் பிடித்து, "வா புள்ள, குசினியப் பாப்பம்," என்று கூட்டிக்கொண்டு போனார். கஜனின் தாயும் யோகமும் பின்னால் போனார்கள்.

"தம்பி, பிள்ளையாரத் தூக்கு," என்றார் தம்பிராசா. கஜன் பாய்ந்து வந்து பிள்ளையாரையும் பழத்தையும் அணைத்துக்கொண்டு விலகினான். நாங்கள் தோளை எடுத்தோம். தட்டு, சட்டம், பிளக், நறுக்குத் துணி எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்தன. கிண்ணம் உருண்டது. பூச்சாடித் தண்ணீர் முழுவதும் என் வெள்ளை வேட்டியில்.

"என்ன சத்தம்?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"தேங்கா உழுந்திட்டுக்கா," என்றார் தம்பிராசா. சொல்லிவிட்டு நான்கு ஓட்டைக்கும் முதுகைக் கொடுத்துச் சுவரில் சாய்ந்தார். அவர்கள் வானில் ஏறும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிள்ளையாரும் பழமும் சாமியறைக்குப் போய்விட்டதாக யோகம் சொல்ல, பலகை எங்கே என்று பூரணம் அக்கா கேட்கவே இல்லை. மிதக்கிற சாமான், எங்காவது போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் ஏன் இடுப்புக்குக் கீழே நனைந்திருக்கிறேன் என்றும் கேட்கவில்லை. அதற்கு அவர் என்ன காரணம் நினைத்தார் என்பதை யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த கிழமை தம்பிராசா ஆயுதப் பையோடு தனியாக வந்தார். "சம்மந்தி, சுவரத் தட்டிப் பாருங்க," என்று விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். பொந்து உள்ள இடம் 'டொம்' என்றது. யன்னலுக்கு மேலே கொங்கிறீற் வளை ஓடுகிற இடம் 'டக்' என்றது. பாரம் தாங்குவது அங்கேதான். நீர்மட்டம் வைத்துக் கோடு கீறி, பிளக்கின் அளவுக்கே துளைத்து, தூளை ஊதி வெளியே எடுத்து, பிளக்கைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்கினார்.

"லூஸ் விடுறல்லயா?" என்று கேட்டேன்.

"இது காச்சட்ட இல்ல சம்மந்தி. பொத்தான் ஓட்ட மாதிரி. லூசா இரிந்தா கழண்டிரும்."

பாரமான பொருளை விளிம்பில் வைக்காமல் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். விளிம்பில் வைத்தால் தட்டு கீழ்நோக்கி மட்டும் இழுக்காதாம். மேல் ஆணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கவும் பார்க்குமாம். இப்போது அந்தத் தட்டில் பிள்ளையார் அசையாமல் இருக்கிறார். யன்னலுக்கு மேலே என்பதால் பூரணம் அக்காவுக்குப் பழம் வைக்க எட்டாது.

ஆனால் தம்பிராசா சொன்ன பொய்யைக் கழற்ற ஒருவராலும் முடியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஐம்பது கதிரை வாடகைக்கு எடுத்திருந்தேன். சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். பூரணம் அக்கா முன்னால் நின்று, "ஒருத்தரும் இரிக்கப்படா, இவங்கட ஊர் வழக்கம்," என்று கட்டளை போட்டார். நாற்பது பேரும் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார்கள். அவருக்கு முழங்காலில் நோவு வேறு. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தம்பிராசா கூரையைப் பார்த்தார். மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். நான் நின்றேன். (அக்காவுக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும், அதை எங்கே வைத்தாரென்று அவருக்கே தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.)

அன்றைக்கு எங்கள் ஊர்ச் சனமும் வந்து நின்று பார்த்தது. அதன் பலனைப் போன மாதம்தான் கண்டேன். அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைப் பக்கம் வீடு பார்க்க வந்திருந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போனால், பத்துப் பேர் காலிக் கதிரைகளைச் சுற்றி நிற்கிறார்கள், கையில் கோப்பை. மாப்பிள்ளையின் பெரியப்பா, தலை நரைத்த மனிதர், கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, நிண்டு குடிக்கிறது இஞ்சத்த வழக்கமா?"

என் மனைவி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பழைய வழக்கம் ஐயா," என்றேன்.

"என்னத்துக்காம்?"

"மரியாதைக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்பைவிட நேராக நின்றார்.