கண்ணாடியை இறக்கிய மிலுதின்

'டங்' என்ற சத்தம் கேட்டு மிலுதின் சமையலறைக்கு ஓடினார். ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த மனைவி தேசாங்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் விளக்கு ஊசலாடியது.

"மிலுதின், இந்த விளக்கு எப்போ இவ்வளவு கீழ இறங்குச்சு?"

மிலுதின் விளக்கைப் பிடித்து நிறுத்தினார். எலும்புத் தேய்மானத்தில் முதுகெலும்பு நசுங்கி, சில வருடங்களாக அவள் கூனிக்கொண்டே வந்தாள். அவள் குனியக் குனிய, வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, விளக்கு, அலமாரி, கூடத்துக் கண்ணாடி எல்லாவற்றையும் இவர் இறக்கிக்கொண்டே வந்தார். குள்ளமாகிவிட்டது தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். ஒரு காலத்தில் சோம்போர் ஊரிலேயே உயரமான மணப்பெண் அல்லவா!

இப்போது டாக்டர் ஊசி வழியாக எலும்புக்குள் சிமென்ட் செலுத்தியிருந்தார். வலி போனதும் தேசாங்கா ஜம்மென்று நிமிர்ந்துவிட்டாள்.

"விளக்கு அப்படியேதான் இருக்கு. டாக்டர்தான் சிமென்ட்டைத் தாராளமா ஊத்திட்டார் போல."

"அப்போ நான் இன்னும் வளர்வேனா? இப்பவே அவருக்குப் போன் போடறேன்!"

"வேணாம், வேணாம்! கீழ எதெல்கா உன்னைப் பார்க்கத் துடிச்சிட்டிருக்கா. ஒரு காபி குடிச்சிட்டு வா."

கீழ்வீட்டுத் தையற்காரி எதெல்கா பேச்சை ஆரம்பித்தால் லேசில் விடமாட்டாள். அந்தத் தைரியத்தில் மிலுதின் அலமாரியைப் பழைய இடத்துக்கு ஏற்றினார். ஆனால் அவர் போட்ட ஓட்டைகளால் சுவர் ஏற்கெனவே சல்லடையாகியிருந்தது. குளிர்காலத்துக்கென்று அரைத்து வைத்த குடைமிளகாய் விழுது பாட்டில்களோடு அலமாரி தரையில் விழுந்தது.

தேசாங்கா மேலே வந்தாள். "என்னய்யா சத்தம்?"

"நிலநடுக்கம்!" என்று வாயில் வந்ததை உளறினார் மிலுதின்.

அவள் நேரே பால்கனிக்குப் போனாள். "நிலநடுக்கம்! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! இத்தனை நாளும் வெறும் முனகல்தானே. அந்தக் கலவரத்திலும் மிலுதினுக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டடமே முற்றத்தில் கூடியது. தேசாங்காவும் இறங்கிப் போனாள். கிடைத்த அவகாசத்தில் மிலுதின் கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிப் பழைய ஆணியில் மாட்டினார். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து அடித்த ஆணி அது. அதைப் பிடுங்க மட்டும் அவருக்கு மனம் வந்ததில்லை. அப்போதெல்லாம் காலையில் அவள் பின்னால் நின்று அவருக்கு டை கட்டிவிடுவாள். கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரியும். மேலே அவள் முகம், அவள் கன்னத்தருகே அவர் முகம். அதை மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இப்போது வேறு ஆசை இல்லை.

தேசாங்கா சிவந்த முகத்தோடு திரும்பினாள். "மயக்கமருந்து இன்னும் தெளியலைன்னு ஊரே சிரிக்குது. ஒழுங்கா உண்மையைச் சொல்லு."

மிலுதின் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாத்தையும் நான்தான் இறக்கினேன். குனிஞ்சுட்டோம்னு உனக்குத் தெரிய வேணாமேன்னு..."

அவள் அவரைக் கண்ணாடி பக்கம் திருப்பி நிறுத்தினாள். பழையபடி அவருக்குப் பின்னால் வந்து நின்று, அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டாள்.

மிலுதின் ஆசையோடு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் தேசாங்காவின் முகம் முழுசாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு வழுக்கைத் தலையின் உச்சி மட்டும்தான் தெரிந்தது.

"ஆணி எப்படியோ மேல ஏறிடுச்சு" என்றார்.

தேசாங்கா விட்டத்தைப் பார்த்தாள்.

அப்போது எதெல்கா கை நிறையத் துணிகளோடு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். துணிக் குவியலுக்குப் பின்னால் அவளுக்கு மிலுதின் தெரியவில்லை.

"தேசாங்கா, இந்த வருஷத்துக்கும் அவர் கோட்டு, சட்டை எல்லாத்தையும் ஒரு விரக்கடை குறைச்சாச்சு. வழக்கம்போல அவருக்குத் தெரியாம பீரோவுல வெச்சிடு!"