சாமிமேல் விழுந்த நிழல்

பெண்ணைப் பெற்றவன் காதில் விழுவதில் பாதிதான் நிஜம்; மீதி அவன் பயம். கணக்கு வாத்தியாரான எனக்கு இந்தக் கணக்கு மட்டும் தாமதமாகத்தான் புரிந்தது.

மோகனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மகள் கயல் மக்காச்சோளம் விதைத்திருந்தாள். வேளாண் கல்லூரி ஆய்வு. நெருக்கி நட்ட செடிகள் வெயிலுக்கும் தண்ணீருக்கும் எப்படி முட்டிக்கொள்ளும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணித்து, தோட்டத்துச் செடிகளோடு ஒப்பிட வேண்டும். மேல்படிப்புக்கு அவளை வெளியூர் அனுப்ப மாட்டேன் என்று நான் மறித்துக்கொண்டிருந்த சமயம் அது.

ஒரு மத்தியானம் மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அறைக்குள் கயல் தன் பேராசிரியையிடம் போனில் பேசினாள்.

“அப்பா பக்கத்துல இருக்கிற வரைக்கும் சாமி தேறாதுங்க மேடம். நெழல்லயே செத்துரும்.”

(எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். இவளுக்குக் கயல் என்று பேர் வைத்ததே எனக்கு அடிக்கடி மறந்துபோகும்.)

பேசிக்கொண்டே அவள் வாசலுக்குப் போனதும், கை கழுவாமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் பச்சை வட்டங்கள். ஒன்றில் ‘அப்பா’. ஒட்டினாற்போல் சின்னதாய் ‘சாமி’. யாரும் தொடாமலே வட்டங்கள் வளர்ந்தன. ‘அப்பா’ பெருத்து ‘சாமி’மேல் ஏறியது. சாமி வெளுத்து, சாம்பலாகி, இல்லாமல் போனது. உடனே எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் நான் அவளை விழுங்கினேன்.

திரையில் நடப்பதுதான் தோட்டத்திலும் நடக்கும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வர, அரிவாளோடு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். காற்றே இல்லை. ‘அப்பா’ என்று அட்டை கட்டிய செடி என்னைவிட உயரம். அதன் இலையொன்று பக்கத்துக் குட்டைச் செடியின் தலைமேல் கிடந்தது. (தினமும் காலையில் நானும் அவள் தலையில் அப்படித்தான் கை வைப்பேன்.) ஒரே வெட்டு.

“ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா?” என்று மனைவி கத்த, கயல் ஓடி வந்தாள்.

“என்னங்கப்பா பண்ணிப்போட்டீங்க! அளக்கறதுக்கு வெச்சிருந்த செடிங்க அது!”

“சாமி செத்துரும்னு நீதான சொன்ன?”

“அது செடிங்கப்பா. அடையாளத்துக்குப் பேரு வெச்சேன்.” கீழே கிடந்ததைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. “மறுபடியும் வெதைக்கோணும்.”

“உங்கப்பனே தன்னைய வெட்டிக்கிட்டாரு. அவரு மறிக்கறதும் இதோட முடிஞ்சுது. நீ கெளம்பற வழியப் பாரு சாமி” என்றாள் மனைவி.

அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஆய்வில் ஒரு போகம் வீணானது. ஆனால், அந்தக் குட்டைச் செடி மளமளவென்று வளர்ந்து, நான் வெட்டிய இடத்தையும் பிடித்துக்கொண்டது. ‘அப்பா’வை நீக்கிவிட்டுக் கயல் திரையில் ஓட்டிக் காட்டியபோது ‘சாமி’ வட்டமும் அதையேதான் செய்தது.

இப்போது வெளியூரில் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால், அறை வாசலில் நின்று, “சாப்பிட்டியா சாமி?” என்பேன். திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

“அப்பா, நெழலுங்க.”

அடுப்படியில் மனைவி சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பேன், என் நிழல் அவள்மேல் எதுவரை விழுந்திருக்கிறது என்று பார்த்தபடி.