துணியை அடித்தால்தான் ஜெர்மன் வரும்

எனக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்று உலகத்தில் இரண்டே பேர் நம்பினார்கள். ஒருவர் என் தாய்மாமா. இன்னொருவன் நானேதான். எங்கள் இருவருக்கும் தெளிவு பிறக்க ஒரு வெள்ளைக்காரரின் கோட்டு பலியாக வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் எங்கள் குடும்பத்துக்குச் சலவைத் தொழில். நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு (எந்த வகுப்பில் என்று கேட்காதீர்கள்) வேலை கிடைக்கும் வரை அப்பாவோடு கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வீடு ஒன்றிலிருந்து வந்த அழுக்கு மூட்டையில் ஒருநாள் ஒரு புத்தகம் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், அதன் சொந்தக்காரி ஊருக்கு விமானம் ஏறிவிட்டாளாம். நீயே வைத்துக்கொள் என்றார்கள்.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் நான்கின் வினைச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்த புத்தகம் அது. பிரித்தேன், சொக்கிப்போனேன். நாம் 'பாடு' என்பதை 'பாடினான்' ஆக்க ஒரு வாலை ஒட்டுகிறோம். அவர்களோ சில சொற்களில் வாலைத் தொடுவதே இல்லை, வயிற்றுக்குள் இருக்கும் உயிரெழுத்தை மாற்றிவிடுகிறார்கள்! ஆங்கிலத்தில் ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். ஜெர்மனில் ட்ரிங்கென், ட்ராங்க், கெட்ருங்கென். டச்சில் ட்ரிங்கென், ட்ரோங்க், கெட்ரோங்கென். ஸ்வீடிஷில் ட்ரிக்கா, ட்ராக், ட்ருக்கிட். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் தனிக்குடித்தனம் போன வீடுகள். ஒன்றுக்கொன்று போர்கூட நடத்தியிருக்கின்றன. ஆனாலும் குடித்ததைச் சொல்லும்போது மட்டும் பழைய வீட்டு வழக்கத்தை விடவில்லை. நாலு வீட்டு மூட்டையைக் கலந்து கொட்டினாலும் இதெல்லாம் ஒரே தறித் துணி என்று சலவைக்காரனுக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது எனக்கு. அடடா, யார் உட்கார்ந்து யோசித்தார்கள் இதை? யாருமே யோசிக்கவில்லை, வாயில் தானாக விளைந்தது என்று புத்தகம் சொன்னது. எனக்குப் புல்லரித்தது.

மனப்பாடம் செய்ய எனக்கு இருந்த ஒரே நேரம் காலைச் சலவை நேரம். ஒரு வினைக்கு மூன்று வடிவம், துணிக்கு மூன்று அடி. 'ட்ரிங்கென்' ஓர் அடி, 'ட்ராங்க்' ஓர் அடி, 'கெட்ருங்கென்' ஓர் அடி. அப்பா பக்கத்துக் கல்லிலிருந்து, "லே, மந்திரம் சொல்லியா அழுக்கெடுக்குறே?" என்பார். ஆறு மாதத்தில் நூற்றைம்பது வினைகள் நான்கு மொழியில் எனக்கு அத்துப்படி. மூன்று போர்வை கிழிந்தது தனிக்கதை.

இதற்கிடையில் மாமா பெண் செல்வி மேல் எனக்கு ஒரு இது. (அவளுக்கும் என் மேல் ஒரு இது இருந்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.) மாமாவுக்கு ஆலுவாவில் இஸ்திரிக் கடை. பெண் கேட்டபோது வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்:

"கல்லுல அடிக்கிற வீட்டுக்கு என் பொண்ணத் தரமாட்டேன்டா. அவ அம்மா அடிச்சு அடிச்சே தோள்பட்ட போயி ராத்திரியெல்லாம் அழுறா. நீ ஒரு ஆபீஸ் வேலை வாங்கு, அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டு."

வெலிங்டன் தீவில் ஒரு சுற்றுலா கம்பெனி, கப்பலில் வரும் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்ட ஆள் தேடியது. விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷையும் சேர்த்து ஏழு மொழிகளை எழுதினேன். கொஞ்சமாவது கூசியதா? இல்லையே!

நேர்முகத்துக்கு மாமாவும் கூடவே வந்தார், தானே தேய்த்த கத்தி மடிப்புச் சட்டையில். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மலையாளி மேனேஜர். அவர் பக்கத்தில் கப்பல் கம்பெனியிலிருந்து வந்த ஜெர்மன்காரர், ரோஜாப்பூ நிறத்தில் சிரித்த முகம். அவருடைய வெள்ளைக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

அவர் ஜெர்மனில் மெதுவாக ஏதோ கேட்டார். 'ட்ரிங்கென்' வம்சத்துச் சொல் ஒன்று காதில் விழுந்தது. காலையில் என்ன குடித்தாய் என்கிறார்! சாயா குடித்தேன் என்றால் முடிந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நூற்றைம்பது வினையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒன்றுகூட வெளியே வரமாட்டேன் என்கிறது. ஆறு மாதமாகக் கையில் துணி இல்லாமல் ஒரு வடிவத்தைக்கூட நான் சொல்லிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு வெளியே மாமா 'பேசு, பேசு' என்று சைகை காட்டினார். செல்வியின் முகம் கண்முன் வந்து போனது.

என் கை தானாகக் கோட்டை எடுத்தது.

"ட்ரிங்கென்!" மேஜை மேல் ஓர் அடி. "ட்ராங்க்!" பொத்தான் ஒன்று பறந்து மேனேஜரின் கண்ணாடியில் பட்டது. "கெட்ருங்கென்!" மேஜையிலிருந்த சாயா கோப்பை சிதறியது. நாக்கு திறந்துகொண்டது சார், நிற்கவில்லை! டச்சுக்கு மூன்று, ஸ்வீடிஷுக்கு மூன்று, அப்புறம் பாடு, நீந்து, கண்டுபிடி. "எந்தாடா ஈ காணிக்குன்னே! நிர்த்தெடா!" என்று மேனேஜர் மலையாளத்தில் அலறினார். நான் நிறுத்தினேன். நிறுத்தியவன் சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம், சாயாவில் நனைந்த கோட்டை முறுக்கிப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன்.

ஜெர்மன்காரர் எழுந்து நின்று கைதட்டினார். தன் தாய்மொழியில் இத்தனை வினைகளை இவ்வளவு உற்சாகமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல மனிதர், பிழிந்த கோட்டுக்குக்கூட நன்றி சொன்னார். மேனேஜர் கதவைக் காட்டினார்.

திரும்பி வரும் படகில் மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். படகுத்துறையில் இறங்கியதும் நேரே பஸ் ஏறி ஆலுவாவுக்குப் போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் மாமா வந்து நின்றார். முகம் கடுகடு.

"உன்ன வேண்டாம்னு சொல்லவெக்கத்தாண்டா செல்விகிட்டே நடந்ததச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா. 'ஏழு பாஷை தெரியும்னு வாய் புளுகுனாலும் கை உண்மையச் சொல்லிருச்சேப்பா'ங்கிறா. 'துணி பூரா அவரே அடிக்கணும், நான் கல்லுப்பக்கம் வரமாட்டேன், அது சம்மதம்னா எனக்கும் சம்மதம்'ங்கிறா. என்ன சொல்றே?"

என்ன சொல்வேன்? அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டினேன். இன்று வரை செல்வியின் தோள்பட்டைக்கு ஒரு குறையும் இல்லை. என்னுடையதைப் பற்றி அவள் கேட்பதில்லை.

ஆனால் கல்யாண நாளையோ, மூக்குக் கண்ணாடி வைத்த இடத்தையோ நான் மறந்து திருதிருவென்று விழித்தால் போதும், குளியலறையிலிருந்து ஓர் ஈரத்துண்டு வந்துவிடும். "இந்தாங்க, மூணு அடி அடிங்க, ஞாபகம் வந்துரும்" என்பாள் செல்வி. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

மானக்கேடு என்னவென்றால், வந்துவிடுகிறது.