முனைவர் தேவாங்கும் முடங்கிய கையும்

ஒரு காட்டில், குடிக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு துறை. அடிபட்ட பிராணிகளை மறுபடியும் தாமாகவே ஏற, தின்ன, தோண்டப் பழக்கிவிடும் படிப்பு அது. துறையில் யாருக்கும் அடிபட்ட பிராணியைக் கண்டாலே ஆகாது.

அங்கே முனைவர் பட்டத்துக்கு ஒரு தேவாங்கு சேர்ந்தது. கைடு, ஒரு கரடிப் பேராசிரியர். ஆய்வுக்கு அகப்பட்டது, பாறை உருண்டு வலக்கை நசுங்கிய ஒரு குரங்கு. கிளையைப் பிடிக்க முடியாத குரங்குக்கு என்ன மரியாதை? மற்றவை கடித்துத் துப்பியதைத் தரையில் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது.

தேவாங்கு கெட்டிக்காரிதான். முதல் வாரம் இலவம்பஞ்சைக் கையில் வைத்து அமுக்கச் சொன்னது. அடுத்த வாரம் கொடியை இழுக்கச் சொன்னது. மூன்றாம் வாரம் மூன்று விரல் மடங்கியது.

"தங்கச்சி, இன்னும் ஒரு மாசத்துல மரம் ஏறிடுவேன் போலிருக்கே!" குரங்கு அழுதேவிட்டது.

தேவாங்கு தன்னால் முடிந்த வேகத்தில் ஓடிப்போய்க் கைடிடம் சொன்னது. கரடிக்கு முகம் கறுத்தது. ஏற்கெனவே கறுப்புதான், இன்னும் கறுத்தது.

"ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? அவன் ஒரு மாசத்துல ஏறிட்டா மீதி வருசமெல்லாம் எதை ஆராய்ச்சி பண்ணுவ? நாலு அத்தியாயம் பாக்கி இருக்கு. அதுக்கு நான் போய் ஒருத்தன் கையை ஒடைக்கணுமா?"

"அவரு தினமும் காத்திருப்பாரேங்கய்யா."

"முழுநேர ஆய்வாளர் வளாகத்தை விட்டு வெளிய போகக்கூடாது. காலையில ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து. நடுவுல என் முதுகுல உண்ணி எடு."

தேவாங்குக்குப் பட்டம் வேண்டும். ஐந்து வருடம் உண்ணி எடுத்தது. குரங்கு வாசலுக்கு வந்தபோதெல்லாம் காவலுக்கிருந்த ஓணான், "இது ஆராய்ச்சி பண்ற இடம்யா, வைத்தியம் பாக்குற இடமில்ல" என்று விரட்டியது. வருடத்துக்கு ஒருமுறை, கை எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளப்பதற்கு மட்டும் உள்ளே விட்டார்கள். அளவு வருடா வருடம் பிரமாதமாக ஏறியது.

வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்த நரி, ஆய்வேட்டை எடைபார்த்துவிட்டுச் சொன்னது: "இந்தக் கை இனி விளங்காது என்று ஐயம் திரிபற நிறுவியிருக்கிறீர்கள். வாழ்த்துகள், டாக்டர்!"

பொன்னாடை போர்த்தினார்கள். எறும்புக்குப் பயந்து லட்டுப் பொட்டலங்களை உயரமான கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் ஏறித் தின்றார்கள். கையைக் காட்டுவதற்காக அன்று உள்ளே விடப்பட்டிருந்த குரங்கு மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு எறக்கிப் போடுங்களேன்."

தேவாங்கு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டது.

"நீங்களேதான் ஏறி எடுத்துக்கணும். யார் கையையும் எதிர்பார்க்காம வாழ வைக்கிறதுதானே எங்க படிப்போட நோக்கமே!"

நீதி: ஒருவன் கையைச் சரிசெய்தால் அவன் லட்டைத் தின்றுவிடுவான். சரிசெய்யாமல் ஐந்து வருடம் அளந்தால் லட்டும் உனக்கு, பட்டமும் உனக்கு.