கொக்கிப்புழு மாத்திரைக்குப் பத்தொன்பது ஆட்சேபணைகள்

கல்லணை தொடங்கிக் கடற்கரை வரைக்கும், எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் படிக்காமல் கீழே வைக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் ஷரா.

நிலப் பத்திரங்களின் ஓரத்தில் அதிகாரிகள் எழுதும் குறிப்புக்கு ஷரா என்று பெயர். மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்த இவரோ, கையில் கிடைத்த எல்லாவற்றிலும் குறிப்பு எழுதினார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று அவரிடமிருந்து திரும்பி வந்தது. 'மாப்பிள்ளையின் படிப்பு மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் உள்ளது. சரிபார்க்கவும்.' சரிபார்த்தோம். கீழே இருந்ததுதான் உண்மை.

நான் அப்போது பக்கத்துக் கிராமத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆட்சி மாறியிருந்தது, மனுக்களில் நமஸ்காரம் போய் வணக்கம் வந்திருந்தது. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் தகராறு. படிக்கத் தெரியாதவர்களிடம் ரேகை வாங்கியே குத்தகை நிலத்தைப் பிடுங்கிய கதைகள் தெருவுக்கு நாலு கிடைக்கும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கொக்கிப்புழுவுக்குப் புதிதாக ஒரு மாத்திரை. சோதித்துப் பார்க்க மனமொப்பி வருகிறவர்கள் வேண்டும். கீழத்தெருவில் பாதிப் பேர் சேற்றில் வெறுங்காலோடு நின்று, புழு ஏறி, ரத்தம் வெளுத்துப் போயிருந்தார்கள். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான அஞ்சலையே நாலு வரிசை நட்டால் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். ஆனால் ஒப்புதல் காகிதத்தையும் மை டப்பாவையும் பார்த்தவுடன் தெருவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"ஷரா ஐயா படிச்சுப் பார்த்துச் சொல்லட்டுங்க. அப்புறம் பார்ப்போம்" என்றாள் அஞ்சலை.

ஷரா வந்தார். இரண்டே பக்கமுள்ள காகிதத்தை வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்திருந்தார். பத்தொன்பது ஆட்சேபணைகளோடு திரும்பினார்.

"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைன்னு போட்டிருக்கு. யாருக்கு எதுன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சா என்னை அறியாமலே ஒரு பக்கம் சாஞ்சுடுவேன். அதனால மறைச்சு வச்சிருக்கோம்" என்றார் டாக்டரம்மா.

ஷரா பேனாவை எடுத்தார். "இந்த ஏற்பாடு தாலுகா ஆபீஸ்ல இருந்தா எனக்குப் பிழைப்பே இருக்காது" என்று அந்த ஆட்சேபணையை அடித்தார்.

"மாவு வாங்கினவங்க கதி?"

"முடிஞ்சதும் இப்ப இருக்கிற மருந்தைக் கொடுத்துடுவோம்."

"எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவில் விலகலாம் என்பதை எழுதினார். விலகினவருக்கு இந்த ஆஸ்பத்திரியில் மற்ற வைத்தியம் நிற்காது என்பதையும் எழுதினார். மாலைக்குள் காகிதத்தில் அச்சை விட ஷரா அதிகமாக இருந்தது.

"எல்லாம் சரிங்க. நீங்க சேருவீங்களா?" என்றாள் அஞ்சலை.

ஷரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு நாள் அவகாசம் கேட்டார்.

மூன்றாம் நாள் மருந்து அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "கம்பவுண்டர் சார், செத்துட்டா?"

"அப்படி ஆகாதுன்னுதான் சொல்றாங்க. உறுதின்னு என்னால சொல்ல முடியாது. பயமா இருந்தா வேணாம் சார்."

"எனக்குப் பயம்தான். ஆனா அதை விடுங்க. அஞ்சலை அப்பனுக்கு ஒரு காகிதம் படிச்சுச் சொன்னேன். முன்பக்கம் மட்டும். 'ரேகை வைய்யா'ன்னேன். குத்தகையை மனசார விட்டுக்கொடுக்கறதா பின்பக்கத்துல இருந்துச்சு. அந்த மகதான் இன்னிக்கு என்னையே கேக்கிறா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வைன்னு சொல்லிட்டு நான் ஒதுங்கி நின்னா எப்படி?"

மறுநாள் தெரு முழுக்கக் கூடியிருக்க, கையெழுத்துப் போட்டார். மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்தோம். அடுத்த நாள் காலை அது முறைப்படி வந்து சேர்ந்தது. அனுப்புநர், பெறுநர் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தார். பொருள் என்ற இடத்தில் 'தாங்கள் கோரியபடி' என்றிருந்தது.

முடிவு வந்தது. வயிற்றில் ஒரு புழுகூட இல்லை. மனு எழுதுபவர் சேற்றில் இறங்க ஏது சந்தர்ப்பம்? 'தகுதியற்றவர்' என்று எழுதிய சீட்டை டாக்டரம்மா தயங்கியபடி கொடுத்தார். ஷரா இரண்டு பக்கமும் படித்தார். பேனாவை எடுத்து, 'கடும் ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினார்.

முதலில் சிரித்தது அஞ்சலைதான். சிரித்தபடியே கட்டை விரலை மையில் வைத்தாள். "படிச்சவரு தயாரா இருந்தாருல்ல, அது போதும்" என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. இரண்டு பேர் மாட்டோம் என்று வீட்டுக்குப் போனார்கள். ஷரா அவர்களை வாசல் வரை போய் வழியனுப்பினார்.

மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்து, ஆளாளுக்கு முழுக் காகிதத்தையும் உரக்கப் படித்தார். போன வாரம் படித்தாயிற்றே என்றேன். "போன வாரம் படிச்சது போன வாரத்து மனசுக்கு" என்றார்.

எல்லாம் முடிந்து, யாருக்கு எது என்று மறைத்து வைத்திருந்த பட்டியலைப் பிரித்தபோது அஞ்சலைக்குக் கிடைத்தது மாவு என்று தெரிந்தது. சொன்னபடி டாக்டரம்மா கொட்டுகிற மழையில் வந்து, மாவு வாங்கிய அத்தனை பேருக்கும் மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நடவின்போது ஒரு சான்றிதழ் விஷயமாக ஷராவைத் தேடிப் போனேன். மேஜை காலி, மனுவுக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கிராமத்துச் சாலையில் கண்டுபிடித்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். வயலில் அஞ்சலை உட்காராமல் பத்தாவது வரிசை நட்டுக்கொண்டிருந்தாள். அவர் உதடு அசைந்தது, வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார்.

கூப்பிட மனம் வரவில்லை. சற்றுத் தள்ளி நானும் நின்றுகொண்டேன்.