பதிவேட்டில் ஏறாத பதக்கம்

உலகத்தில் திருத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. அச்சுப்பிழை பார்க்கிறவரைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர் பாவம், சாது. நான் சொல்வது வேறு ஆள். எங்கோ ஓர் அலுவலகத்தில், எவரும் திறக்காத அலமாரியில், எவரும் புரட்டாத பக்கத்தில் தன்னைப் பற்றி ஒரு தவறு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த நாள்முதல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், ஆனால் முன்னெப்போதும் இல்லாத சுறுசுறுப்போடு நடமாடுகிறாரே, அவர். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். கையில் ஒரு கோப்பு வைத்திருப்பார். கையில் இல்லையென்றால் வீட்டில் இருக்கிறது, இதோ ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவார் என்று அர்த்தம்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற ராணுவ வீரர். பட்டாளத்தார் என்றால் போதும், தபால்காரர் நேரே அவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். இளம் வயதில், ஒரு குளிர்காலம் முழுக்க, பனி மூடிய மேடு ஒன்றில் காவல் இருந்தவர் அவர். பாதை அடைபட்டுப் போய், மாற்று ஆள் வர முடியாமல், ஓர் அடுப்பும் இரண்டு ஆளுமாகக் கிடந்தார்கள். இரண்டாவது ஆளுக்குப் பெயர் குறட்டை. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். இப்போது அவருக்கே அது சட்டென்று ஞாபகம் வராது.

பனி உருகி இருவரும் இறங்கி வந்ததும் ஆளுக்கொரு பதக்கம் கொடுத்தார்கள். அழகான நீலப் பெட்டி, உள்ளே பட்டுத்துணி, அதன்மேல் பதக்கம். எல்லாம் சரிதான். ஆனால் பட்டியலைப் பார்த்துப் பணிப்பதிவேட்டில் ஏற்றிய எழுத்தர் குறட்டையின் பெயரோடு தேநீர் குடிக்க எழுந்துபோய், திரும்பி வந்து ஒரு வரி தள்ளி ஆரம்பித்திருக்கிறார். பட்டாளத்தாரின் பதக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது, பதிவேட்டுக்குப் போகவில்லை.

இதில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கிறீர்களா? தயவுசெய்து அவர் காதில் விழும்படி கேட்காதீர்கள். உட்கார வைத்துவிடுவார். பல் பிடுங்கப்போன இடத்தில் மருத்துவர் தெரியாத்தனமாக "நீங்க பட்டாளத்துல இருந்தவரா?" என்று கேட்டுவைத்தார். வாய் நிறைய இடுக்கியும் பஞ்சுமாக இருந்தும், வெறும் ஆ, ஊ, ஓ என்ற ஓசைகளிலேயே முழு விவகாரத்தையும் பட்டாளத்தார் சொல்லி முடித்தார். மருத்துவருக்கு எல்லாம் புரிந்தது என்பதுதான் ஆச்சரியம். "அப்ப அந்த எழுத்தர்மேல நடவடிக்கை எடுத்தாங்களா?" என்று வேறு கேட்டாராம்.

கடிதம் எழுதும் அழகைப் பார்க்க வேண்டும். காலையில் குளித்து, தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். 'பொருள்: விடுபட்ட பதக்கம். பார்வை: எனது முந்தைய கடிதம், அதற்கும் முந்தைய கடிதம், அவற்றுக்குத் தாங்கள் அனுப்பாத பதில்.' பிறகு ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று கோப்பு தொலைந்தால் இருக்கட்டும் என்று மனைவியின் துணி அலமாரிக்கு. அந்த அம்மாள் ஒரு புடவையை இழுத்தால் கூடவே 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஏதாவது உதிரும்.

அவள் எளிய வழி ஒன்றைச் சொல்லித்தான் பார்த்தாள்.

"ஏங்க, மெடல்தான் கையில இருக்கே. குத்திக்கிட்டுப் போங்களேன். யாரு வந்து புடுங்கப் போறாங்க?"

"பதிவுல ஏறாத மெடல குத்திக்கிட்டா அது திருட்டு மெடல்."

"உங்களுக்குக் குடுத்ததுதானே?"

"குடுத்தாங்க. எழுதலியே."

வருஷா வருஷம் பழைய பட்டாளத்தார்கள் கூடுகிற கூட்டம் ஒன்று உண்டு. அங்கே தலைவர் பதிவேட்டு நகலைப் பிரித்து, ஒவ்வொருவரும் எங்கே பணிபுரிந்தார், என்ன பதக்கம் வாங்கினார் என்று உரக்கப் படிப்பார். தாளில் இருப்பதுதான் மார்பில் இருக்கலாம். குறட்டையின் முறை வரும்போது தாளில் அந்த மேட்டுக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். ஆகவே "தன்னந்தனியாக" என்று ஒரு வார்த்தையைத் தலைவர் தன் கைச்சரக்காகச் சேர்த்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது. முதல் வருஷம் குறட்டை சங்கடத்தில் நெளிந்தார். அடுத்த வருஷம் நெளியவில்லை. அதற்கடுத்த வருஷம், தனிமையில் தான் நட்சத்திரங்களோடு பேசியதைத் தானே விவரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பட்டாளத்தாருக்கு எரிந்தது அங்கேதான். உலோகத் துண்டுக்காக இல்லை. இமை உறைந்து ஒட்டிக்கொண்டு குறட்டை அலறியபோது, வாயால் ஊதி ஊதி அந்த இடது கண்ணைத் திறந்துவிட்டவர் இவர். தன் வாழ்க்கையிலேயே பெரிய குளிர்காலம் தனக்கு நடக்கவேயில்லை என்று ஒரு தாள் சொல்கிறது. கூட இருந்தவனும் அதற்குத் தலையாட்டுகிறான். மனுஷனுக்கு வலிக்காதா?

இந்த நிலையில்தான் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து ஒருவழியாக ஒரு பதில் வந்தது. அவர் நேரே போய் நின்றார். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகச் சொன்னார்.

"ஐயா, அந்த மேட்டுல உங்களோட இருந்தவங்க யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும். சேத்துடலாம்."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான். எத்தன பேர் இருந்தீங்க?"

பட்டாளத்தார் சாட்சிப் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வருஷக் கூட்டத்துக்கு மனைவியையும் அழைத்துப் போனார். தலைவர் படித்தார், மண்டபம் தட்டியது, குறட்டை நட்சத்திரங்களோடு பேசி முடித்தார். கையில் தேநீரோடு ஆட்கள் சூழ்ந்து நின்ற சமயம் பார்த்து, பட்டாளத்தார் சாட்சிப் படிவத்தை நீட்டினார். குறட்டை அதைக் கையில் வாங்காமலே படித்தார்.

"டேய், எவ்வளவு வருஷமாச்சு. எனக்கு என்னவோ நீ அடுத்த மேட்டுல இருந்த மாதிரில்ல ஞாபகம்?"

பட்டாளத்தார் படிவத்தை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். அப்போது அவர் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்களுக்குக் குறட்டைங்கற பேரு எப்ப வந்துச்சு?"

"அதா தங்கச்சி, அந்த மேட்டுலதான். கீழ எறங்கி வரும்போதே அந்தப் பேரோடதான் வந்தேன்."

"அங்க நீங்க மட்டும்தானே இருந்தீங்க? அப்ப அத யாருண்ணே கேட்டா?"

மூலையில் ஒருவர் களுக்கென்றார். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. தலைவர் நகலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். குறட்டை முதலில் சிவந்தார், பிறகு அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இடது கண்ணைத் துடைத்தார்.

"பேனாவ குடுடா. நீ ஊதலன்னா எனக்கு ஏது இந்தக் கண்ணு? கைதட்டு பழகிப்போச்சு, விட மனசு வரல."

கையெழுத்துப் போட்டார். அலுவலகமும் சொன்ன சொல் தவறாமல் புதிய தாளை அனுப்பிவைத்தது. பதக்கம் ஏறிவிட்டது. மனைவி அலமாரியிலிருந்து பச்சைப் பெட்டியை எடுத்து, பதக்கத்தைத் துடைத்து, அவர் சட்டையில் குத்திவிட்டாள். குத்தும்போது அவளுக்குள் ஒரு சின்னப் பயம். இனிமேல் இந்த மனுஷன் காலையில் குளித்து, தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு என்னதான் செய்வார்?

பட்டாளத்தார் பூதக்கண்ணாடியை வைத்துத் தாளை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். பதக்கம் சரி. அப்புறம் கீழிருந்து மேலே படித்தார். மேலே வந்ததும் கண்ணாடி நின்றது.

"உயரம் தப்பா இருக்கு. ரெண்டு விரற்கட கொறச்சுப் போட்டிருக்கான்."

கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றார். மனைவி தலையில் ஒரு புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தையல் நாடாவால் அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள்.

"ஏங்க, அவங்க எழுதினதுதான் சரி. வயசாச்சில்ல, கொஞ்சம் அமுங்கியிருக்கீங்க."

"இப்ப சரியா இருக்கலாம். நான் சேர்ந்த அன்னிக்குத் தப்பு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். 'பொருள்: விடுபட்ட உயரம்.' அவர் முகத்தில் அப்படியொரு களை. அவள் நிம்மதியாகத் துணி அலமாரிப் பக்கம் போனாள். புடவைகளை ஒதுக்கி இடம் பண்ண வேண்டுமே.

நல்லவேளை, நாமெல்லாம் அந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று. மேலே அந்தப் பெட்டியை ஓரிடத்தில் நீலம் என்றும் இன்னோரிடத்தில் பச்சை என்றும் எழுதியிருக்கிறேன். அதை அப்போதே கவனித்து, அடிக்கோடு போட்டு, எனக்கு நாலு வரி எழுதிப் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தவரா நீங்கள்? எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். சாட்சிக் கையெழுத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.