ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், புதுச்சொல் பிரிவில், சொல்லக்கா பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருந்தாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாளடைவில் வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. அவளை நிரந்தரமாக்க ஒரே நிபந்தனை, அவள் கண்டெடுத்துக் கொடுக்கும் ஒரு சொல்லாவது அகராதியில் இடம்பெற வேண்டும். இடம்பெறாவிட்டால் வருகிற மார்ச்சோடு அவள் வீட்டுக்குப் போகலாம்.

ஒரு சொல்லை அகராதியில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒருவரையொருவர் அறியாத ஏழு பேர் அதை ஏழு இடங்களில் அச்சில் எழுதியிருக்க வேண்டும். அந்த வாக்கியங்களை ஏழு அட்டைகளில் ஒட்டி, ஏழு முத்திரை வாங்க வேண்டும். சொல்லக்காவின் பதினான்கு சொற்கள் ஆறாவது அட்டையோடு உயிரை விட்டிருந்தன.

பதினைந்தாவது சொல், ஒரு சினிமாத் தயாரிப்பாளரின் குடும்பப் பெயர். அது என்ன பெயர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்து எட்டாவது அட்டையில் ஒட்டிவிடுவார்கள். எதற்கு வம்பு?

தயாரிப்பாளருக்கு இளகிய மனசு. யார் கதை சொன்னாலும் கண் கலங்கிவிடுவார். "பிரமாதம்! இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது" என்று எழுத்தாளரைக் கட்டிக்கொள்வார். பிறகு, "ஒரே ஒரு சின்னத் திருத்தம்" என்பார். முதல் வாரம் கதையில் வரும் மீனவன் விமானியாவான். இரண்டாம் வாரம் கடல் போய்விடும். படம் வெளிவரும்போது அது ஒரு குதிரையைப் பற்றியதாக இருக்கும். அடிபட்ட எழுத்தாளர்கள் அவர் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி என்று அடிக்கல் நாட்டப்பட்டு, எல்லாரும் பாராட்டி, கடைசியில் வாகன நிறுத்துமிடமாக முடிந்த கட்டடத்துக்கு ஒரு நிருபர் அந்தப் பெயரையே அடைமொழியாகப் போட்டார். அதுதான் ஏழாவது அட்டை.

சொல்லக்கா பொருள் எழுதினாள்: 'வாயாரப் புகழப்பட்டு, அடியோடு மாற்றப்பட்ட.' எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக அவள் எதையும் எழுதியதில்லை.

உயிரோடு இருப்பவரின் பெயர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும் என்பது விதி. தயாரிப்பாளரே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளைக் காலணி. அகராதித் தலைவர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அட்டையைப் படித்ததும் இந்த மனிதர் குதிக்கப்போகிறார் என்று சொல்லக்கா எதிர்பார்த்தாள்.

அவர் குதிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"பிரமாதம்மா! இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

"ரொம்ப நன்றிங்க சார்."

"ஒரே ஒரு சின்னத் திருத்தம். 'மாற்றப்பட்ட'ன்னு முடியறது கொஞ்சம் சோகமா இருக்கு. 'மெருகேற்றப்பட்ட'ன்னு போட்டுடுங்க."

"அப்ப 'அடியோடு' பொருந்தாதே சார்?"

"பொருந்தாதுல்ல? எடுத்துடுங்க. 'வாயார'ன்னா ஒரு வாய்தான் தெரியுது. 'உலகமே புகழும்படி'ன்னு வச்சா பிரம்மாண்டமா இருக்கும்."

தலைவர் தலையாட்டினார். "ஐயா சொல்றது நியாயம்தானேம்மா?"

"சார், பொருளே மாறுது."

"அதைத் தவிர வேற ஏதாவது மாறுதா? சொல் அப்படியேதானே இருக்கு!" என்றார் தலைவர்.

"அப்ப இந்த ஏழு அட்டை? வாகன நிறுத்துமிடத்தை உலகமே புகழுதா சார்?"

"அட்டையெல்லாம் அருமையான அட்டை" என்றார் தயாரிப்பாளர். " முத்திரையும் விழுந்தாச்சு. வாக்கியத்தை மட்டும் மாத்தி ஒட்டிடுங்க."

சொல்லக்காவுக்கு மனசே இல்லை. ஆனால் மார்ச் வர மூன்று வாரம்தான் இருந்தது. உட்கார்ந்து ஏழு புது வாக்கியங்களை எழுதி, பழையவற்றின் மேல் தானே பசை தடவி ஒட்டினாள்.

அகராதி வெளிவந்தது. விழாவில் தயாரிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுவாரம் ஆணையும் வந்தது. சொல்லக்காவின் பணியிடம் நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. அதில் தலைவருடைய மச்சான் நியமிக்கப்பட்டிருந்தார்.

"உங்க கோப்புதாம்மா" என்றார் தலைவர். "என்னமா எழுதியிருந்தீங்க! பேரை மட்டும்தான் மாத்தினோம்."

 வீட்டுக்கு வந்ததும் சொல்லக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாலு பக்கத்துக்கு ஒரு முறையீடு எழுதினாள். 'இது பச்சை அநியாயம்' என்பது முதல் வரி. பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்த அவள் கணவர் அதை நின்றபடியே படித்தார்.

"அடேயப்பா, நெருப்பு மாதிரி எழுதியிருக்கே! ஒண்ணே ஒண்ணு. எடுத்த எடுப்புல அநியாயம்னா அந்த ஆள் மேற்கொண்டு படிக்கவே மாட்டான். மரியாதையா ஆரம்பிக்கலாமே?"

அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலை தட்டச்சுக்காரப் பெண், "சூப்பர்க்கா! மச்சான் சமாச்சாரத்தை மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கு அவர் பக்கத்துலதானே உட்காரணும்?" என்றாள். சங்கச் செயலாளர் படித்துவிட்டுக் கைகொடுத்தார். "போர்க்குணமுள்ள கடிதம், தோழர். 'கோருகிறேன்'னா மிரட்டற மாதிரி இருக்கும். 'நன்றி'ன்னு எங்கேயாவது வரட்டும்."

மதியத்துக்குள் நாலு பக்கம் ஒரு பக்கமாகிவிட்டது. 'நிரந்தரம்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் பாக்கியிருந்தது. அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதாகப் பட்டதால், தலைவரின் அறை வாசலில் நின்று சொல்லக்காவே அதை அடித்தாள்.

தலைவர் நிதானமாகப் படித்தார். பதினோரு வருடம் தற்காலிகமாகச் சேவை செய்ய வாய்ப்பளித்ததற்கு நன்றி தெரிவித்து, இன்னும் ஒரு வருடம் அதே அந்தஸ்தில் தொடர அருள்கூர்ந்து அனுமதிக்குமாறு பணிவோடு வேண்டியிருந்தது கடிதம்.

"பிரமாதம்மா! இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது" என்றார்.

சொல்லக்கா காத்திருந்தாள். அவர் எதையும் மாற்றவில்லை. பேனாவைத் திறந்து அப்படியே கையெழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்தில் திருத்தமில்லாமல் ஏற்கப்பட்ட முதல் கடிதம் அதுதான்.